வியாகுலப் பாட்டின் கடைசி அடி

ஷெரின் டீச்சர் தன் கைபேசியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப் பிடித்துவருவதுபோல உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். அதை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேலமாசி வீதியில், செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது லலிதாம்பாளின் துப்பறியும் அலுவலகம். ஜில்லா கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பொய்ச்சாட்சியையும் மெய்ச்சாட்சியையும் அருகே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, எதற்கும் பதறாத முகம் அவருக்கு வாய்த்துவிட்டது. கீழ்க்கடைக்காரன் பாண்டியராஜனுக்கு அந்த முகம் வாய்க்கவில்லை. கல்யாணமாகிப் பிள்ளை குட்டி உள்ளவன். ஆனாலும் மேலே ஒரு வழக்கு வந்துவிட்டால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடி வந்துவிடுவான்.

"பாடகி ஆனிமேரி எங்க அத்தைதான்" என்றார் ஷெரின்.

பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனிமேரியின் சினிமாப் பாட்டு ஒலிக்காத டீக்கடை மதுரையில் இல்லை.

"அவங்க சினிமாவுக்குப் போறதுக்கு முன்னால ஒரே ஒரு சின்ன இசைத்தட்டு வந்துச்சு. மாதா அழுகுற வியாகுலப் பாட்டு. மெட்டுப் போட்டது, ஆர்மோனியம் வாசிச்சது எல்லாம் எங்கப்பா ஆரோக்கியசாமி. அம்பது வருசத்துக்கு முந்தி, ஒரு பெரிய வெள்ளியில, குட் ஃப்ரைடே அன்னிக்கு, எங்க கோயில்லயே மைக் வச்சு எடுத்தாங்க. அன்னிக்கே அப்பா, பாடுறவங்க நிக்கிற பாட்டு மாடிப் படியிலேருந்து விழுந்து இறந்துட்டார். எனக்கு அப்ப ஆறு மாசம். அம்மா என்னைப் பெத்ததோட போயிட்டாங்க. அத்தைதான் என்னை வளர்த்தாங்க. அந்தப் பாட்டை அத்தை அதுக்குப் பிறகு பாடினதே இல்லை."

சொல்லிவிட்டு, கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறிலிருந்து தெரியாத எண்ணிலிருந்து தினம் ஒரு ஒலித்துண்டு வருகிறதாம். பாண்டி அதை ஓடவிட்டான். மெல்லிய ஆர்மோனியம். அதன்மேல் இளம்பெண் ஒருத்தியின் குரல், ஆனிமேரியின் குரலேதான், ஆத்திரத்தோடு எதையோ மறுத்தது. "விடு ஆனி... விடு!" என்றது ஓர் ஆண்குரல். கோயில் மணி ஒவ்வொன்றாக மூன்று முறை அடித்தது. பிறகு ஓர் அலறல். படிப்படியாக உருண்டு விழுகிற சத்தம்.

துண்டின் கீழே எழுதியிருந்தது: 'முழுசும் பெரிய வெள்ளி மூணு மணிக்கு. ஊரே கேக்கும்.'

"எங்கப்பா குரலை நான் கேட்டதே இல்லைங்க" என்றார் ஷெரின். அவர் கண் கலங்கவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. "முதல் தடவையாக் கேக்குறேன். அதுவும் இப்படி."

"அத்தை என்ன சொன்னாங்க?" என்று லலிதாம்பாள் கேட்டார்.

"பாதிகூட கேக்கலை. 'அழிச்சுப்போடு'ன்னு ஒரு சொல்லு. அப்புறம் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன். ராத்திரி அவங்க இருமுற சத்தம் கேட்டா எந்திரிச்சு என் ரூம் கதவைத் தாழ் போட்டுக்கிறேங்க. என்னைத் தூக்கி வளர்த்த கைக்கா பயப்படுறோம்னு இருக்கு. மூணு நாளுதான் இருக்கு. அவங்க எங்கப்பாவைக் கொன்னாங்களா இல்லையா, எனக்கு அது தெரியணும்."

"அந்த இசைத்தட்டு இப்போ யார்கிட்ட இருக்கு?"

"வீட்டுல இல்லை. வச்சுக்க அத்தை விடலை. முனிச்சாலையில துளசிராம்னு ஒருத்தர்கிட்ட இருக்குன்னு ஆல்பின் சார் சொன்னார். அவர் மறந்துபோன பாட்டுகளைப் பத்தி யூடியூப்ல பேசுறவர். அம்பதாவது வருசத்துக்கு ஒரு நிகழ்ச்சி போடணும்னு ஆறு மாசமா அத்தையைக் கேட்டுக்கிட்டிருக்கார். அத்தை முடியவே முடியாதுன்னுட்டாங்க."

படியிறங்கும்போது பாண்டி கிசுகிசுத்தான். "யக்கா, அந்தம்மா பேசாம இருக்கிறதைப் பார்த்தா..."

"பேசாம இருக்கிறவங்க எல்லாரும் குத்தவாளின்னா கோர்ட்டுல எனக்கு அம்புட்டு வேலை இருந்திருக்காது, பாண்டி. வண்டியை எடு."

துளசிராம் சௌராஷ்டிரக்காரர், சாயப்பட்டறை வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, முன்னறை முழுக்க இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். ஆனிமேரியின் தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது அவர் விரல் விளிம்பைத் தவிர வேறெங்கும் படவில்லை.

"இது ஊர்ல நாலு பேர்கிட்ட இருந்தா அதிசயம். வாங்கினவங்ககூட ரெண்டாந்தடவை போட மாட்டாங்க. சாவு விழுந்த பாட்டுன்னு பயம்."

ஊசி இறங்கியது. பாண்டி தன்னையறியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டான். தாயின் புலம்பல், மெதுவாக, மூச்சுக்கு மூச்சு ஏறி வந்தது. கடைசிச் சரணத்துக்கு முன்னால் 'கடகடகட' என்று ஓர் இரைச்சல் குறுக்கே வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் வந்தது.

"கீறல்" என்று துளசிராம் சங்கடத்தோடு சொன்னார். "பழைய தட்டு பாருங்க."

லலிதாம்பாள் தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சரணத்தில் எங்கிருந்தோ பூனை கத்துவதுபோல் ஒரு சின்னச் சத்தம். சற்று நேரத்தில் ஆர்மோனியம் நின்றுவிட்டது. ஆனிமேரியின் குரல்மட்டும் தனியாக, பிசிறில்லாமல், ஓர் அடி முழுவதும் பாடியது. அடுத்த அடி தொடங்குவதற்குள் பாட்டு துண்டாகி நின்றது.

"கடைசியை அழகுக்காக அப்படி விட்டிருக்காங்க" என்றார் துளசிராம்.

"இன்னொரு தடவை போடுறீங்களா?" என்றார் லலிதாம்பாள். அதையும் கேட்டுவிட்டு மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டு முடித்தபோது அவர் முகத்தில் திருப்தி இல்லை. ஏதோ பாரத்தை வாங்கிக்கொண்டவர்போல் இருந்தார்.

"இதை நகல் எடுத்தவங்க உண்டா?"

"ஆல்பின் சார் வந்து கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டுப் போனார். கீறலை எல்லாம் சுத்தம் பண்ணிடலாம்னு சொன்னார். எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. இந்தப் பட்டன் போன்ல பச்சையை அமுக்கினா பேசும், சிவப்பை அமுக்கினா நிக்கும், அம்புட்டுத்தான்."

"இந்தப் பாட்டை எந்த நேரத்துல பாடுவாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? அவங்க கோயில் வழக்கம் நமக்கென்ன தெரியும். காலையிலயா இருக்கும்."

மறுநாள் சமயநல்லூரைத் தாண்டி, வயலுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னக் கோயிலுக்குப் போனார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் சவரியப்பன் சாவியோடு வந்தார். எழுபதைத் தாண்டியவர். வாசலுக்கு நேர் மேலே இருந்தது பாட்டு மாடி. அதற்கு ஏறும் படி செங்குத்தாக, கைப்பிடி இல்லாமல், இருட்டுக்குள் போனது. படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில், இரும்பு வளையம் கோத்த ஒரு மரக்கட்டை ஆணியில் தொங்கியது. அதில் புதிதாக எண்ணெய் தடவியிருந்தது.

"இது என்ன அண்ணே?" என்றான் பாண்டி.

"அதுக்கு வருசத்துல ரெண்டு நாளுதான்யா சோலி. நாளைக்கு ராத்திரியிலேருந்து வேணும்ல, அதான் துடைச்சு வச்சிருக்கேன்."

"ஆரோக்கியசாமி விழுந்த அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று லலிதாம்பாள் கேட்டார்.

"பொழுது சாய்ஞ்சு ஆண்டவரோட திருவுடலை வச்ச ஆசந்திப் பல்லக்கு வெளிய கிளம்பும். அப்பத்தான் மேல வியாகுலப் பாட்டு. பல்லக்குக்கு முன்னால போறது நான். ஊர்ச் சனம் அம்புட்டும் பின்னால வந்துரும். அன்னிக்கு மெஷினை ஓடவிட்டுட்டு மைக் வச்சவங்களும் வந்துட்டாங்க. கோயிலுக்குள்ள ஈ காக்கா இருக்காது. தெருவச் சுத்தித் திரும்பி வந்தா, இந்தா, இந்தப் படிக்கடியில கெடக்காரு. மேல அந்தப் பொண்ணு மயங்கிக் கெடக்கு. அவ கையில..." அவர் நிறுத்திக்கொண்டார். "பழைய கதை. அதை எதுக்குக் கிளறிக்கிட்டு?"

பாண்டி படி ஏறிப் பார்த்தான். மேலே வௌவால் நாற்றம். பழைய ஆர்மோனியப் பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. திரும்பி இறங்கக் கால் வைத்த நேரம் பையிலிருந்த கைபேசி அதிர்ந்தது. ஷெரின் அன்றைய துண்டை அனுப்பியிருந்தார். தொட்டதும், அதே அலறல் அந்தக் குறுகிய கூண்டுக்குள் அவன் காதருகே வெடித்தது. படி காலுக்குக் கீழே நழுவுவதுபோல் இருந்தது. சுவரில் நகம் பதியப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். யாரும் தள்ளாமலே இங்கே ஒருவன் சாகலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் ஏனோ ஆறுதலாக இல்லை.

வெளியே மரத்தடியில் நின்று அந்த ஒலித்துண்டைக் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டான். "யக்கா, ஒண்ணு கவனிச்சேன். ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் அடியில ஆர்மோனியம் தண்ணிக்குள்ள முங்கின மாதிரி போயிட்டுத் திரும்புது. இரைச்சலை மெஷின் வச்சுத் துடைச்சா இப்படித்தான் ஆகும். கடையில நானே பார்த்திருக்கேன்."

"அப்போ அந்த இடத்துல முதல்ல வேற ஏதோ சத்தம் இருந்திருக்கு" என்றார் லலிதாம்பாள். "இது நல்ல சாட்சி, பாண்டி. பத்திரமா வச்சுக்க."

நாகமலை புதுக்கோட்டையில் ஆல்பின் தன் வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார். மரியாதையான மனிதர். காப்பி வரவழைத்தார். மிரட்டல் பற்றிக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார்.

"ஷெரின் டீச்சர் எங்கிட்டயும் சொன்னாங்க மேடம். பாவம். அத்தை மனசைத் திறந்து பேசிட்டா நல்லதுன்னுதான் நான் சொன்னேன். என் நிகழ்ச்சியிலயே பேசலாம், நான் மரியாதையாப் பண்ணுவேன்."

"உங்களுக்கு இந்தச் சத்தத்துமேல எப்படி ஆசை வந்துச்சு?" என்று லலிதாம்பாள் சம்பந்தமில்லாமல் கேட்டார்.

ஆல்பின் சிரித்தார். "கோயில் மணியிலதான். எங்க புராட்டஸ்டண்ட் சபையில மணிக்கயித்தை இழுக்க எனக்கும் எங்கண்ணனுக்கும் அடிதடியே நடக்கும்."

"வியாகுலப் பாட்டை எந்த நேரம் பாடுவாங்க, தெரியுமா?"

"ஆண்டவர் உயிர்விட்ட நேரம்தானே மேடம். மூணு மணி."

வெள்ளிக்கிழமை வந்தது. சித்திரை வெயில் வயலைப் பொரித்தது. கோயிலுக்கு எதிர்வீடுதான் ஆனிமேரியின் வீடு. லலிதாம்பாள் சொல்லியிருந்தபடி துளசிராம் தன் பெட்டியையும் இசைத்தட்டையும் கொண்டுவந்தார். ஆனிமேரி பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஆல்பின் காமிராவோடு வந்தார். ஆனிமேரி உள்ளறை வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மெலிந்து, வெளுத்து, உதட்டை இறுக்கி மூடியிருந்தார். அவருக்கும் ஷெரினுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் காலியாகக் கிடந்தது. அதைத் தாண்ட இருவருக்கும் தைரியம் இல்லை. சுவர்க்கடிகாரத்தின் முள் மூன்றை நோக்கிப் போவதைப் பார்க்காதவர் அந்த அறையில் யாருமில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் ஆல்பின்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் லலிதாம்பாள். "ஒருத்தர் வரணும்."

வாசற்பக்கமிருந்து அது வந்தது. கடகடகட. கொஞ்சம் விட்டு, கடகடகட. பாண்டி துள்ளி எழுந்தான். "யக்கா! தட்டுல வந்த கீறல்!"

சவரியப்பன் தெருவில் போய்க்கொண்டிருந்தார். எண்ணெய் தடவிய மரக்கட்டையை அவர் ஆட்ட ஆட்ட இரும்பு வளையம் அதில் மோதியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் எழுந்து கோயிலுக்குக் கிளம்பினார்கள்.

"அது கீறல் இல்லை" என்றார் லலிதாம்பாள். "பெரிய வியாழன் இரவிலிருந்து உயிர்ப்புத் திருவிழாவான ஈஸ்டர் வரைக்கும் கத்தோலிக்கக் கோயில்ல மணி அடிக்க மாட்டாங்க. மணி துக்கம் காக்குது. இந்த மரக்கட்டைதான் ஆளைக் கூப்பிடும். அம்பது வருசத்துக்கு முன்னாலயும் இதே சவரியப்பன் பல்லக்குக்கு முன்னால இதை ஆட்டிக்கிட்டு, பாட்டு மாடிக்கு நேர் கீழே வாசலைத் தாண்டினார். மேல இருந்த மைக்குல அது பதிஞ்சது. துளசிராம் அதைக் கீறல்னு நெனச்சார். நகல் எடுத்தவரும் அப்படியே நெனச்சார். நெனச்சு, துடைச்சார். துடைச்ச இடத்துல ஆர்மோனியம் முங்குனது பாண்டி காதுக்குக் கேட்டுச்சு. அந்தப் பள்ளத்தை மூட அவர் ஒரு சத்தம் வச்சார். பெரிய வெள்ளி மூணு மணின்னா அவருக்குத் தெரிஞ்ச சத்தம் ஒண்ணே ஒண்ணுதான்."

ஆல்பின் காமிராவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சவரியப்பன் இந்தத் துண்டைச் செஞ்சிருந்தா மணி வந்திருக்காது. துளசிராமுக்கு மூணு மணிக் கணக்கே தெரியாது. பட்டன் போனைத் தாண்டி எதுவும் தெரியாது. மூணு மணி தெரிஞ்சு, மணி மௌனமா இருக்கும்னு தெரியாதவர், தட்டோட நகலையும் கையில வச்சிருக்கிறவர், நீங்க ஒருத்தர்தான் ஆல்பின். இந்தக் கோயில்ல வியாகுலப் பாட்டு மூணு மணிக்கு இல்லை. பொழுது சாய்ஞ்சு. அதையும் நீங்க உங்க வழக்கப்படியே சொன்னீங்க."

"மேடம், அது..." ஆல்பின் காமிராவைக் கீழே வைத்தார். "அவங்க குரலை மெஷின்ல ஏத்திப் பேச வச்சேன். அவங்க அண்ணன் குரலா வந்தது என்னோடதுதான், மாத்தினது. நெசமா வெளியிட மாட்டேன். பயந்தாலாவது பேசுவாங்கன்னுதான். ஒரு பாட்டைப் பத்திச் சொன்னா நாப்பது பேர் பார்க்கிறான். ஒரு சாவைப் பத்திச் சொன்னா நாலு லட்சம் பேர் பார்க்கிறான். நான் என்ன பண்ண?"

"பெத்த தகப்பன் குரலை முதல் தடவையாக் கேக்குறோம்னு இந்தம்மா நெனச்சிருக்காங்க" என்றான் பாண்டி. இம்புட்டுக் கோபம் தனக்கு வரும் என்று அவனுக்கே தெரியாது. "எடுய்யா போனை. எல்லாத்தையும் என் கண்ணு முன்னால அழி. டீச்சர் போன்ல வந்தது சாட்சிக்கு இருக்கு, அடுத்த வாரம் ஸ்டேஷன்ல பார்ப்போம்."

ஆல்பின் அழித்தார். அவர் போனபிறகும் ஷெரின் அசையவில்லை.

"அவர் செஞ்சது பொய். சரி" என்றார் மெதுவாக. "அப்ப நெசம் என்ன? பொய்யின்னு தெரிஞ்சும் அத்தை ஏன் பேசலை?"

லலிதாம்பாள் முதன்முறையாகத் தயங்கினார். "உங்க அத்தை தள்ளலை, ஷெரின். தட்டோட கடைசியில ஆர்மோனியம் நிக்குது; அதுக்கப்புறமும் அவங்க குரல் மைக்கை விட்டு நகராம, ஒரு பிசிறில்லாம, ஒரு அடி முழுக்கப் பாடுது. ஆளைத் தள்ளிட்டு வந்தவங்க அப்படிப் பாட முடியாது. இது போதும். இதோட நிறுத்திக்கலாம்."

"முழுசாப் போடுங்க."

லலிதாம்பாள் ஆனிமேரியைப் பார்த்தார். பாடகி கண்ணை மூடினார். துளசிராம் ஊசியைக் கடைசிச் சரணத்துக்குச் சற்று முன்னால் இறக்கினார்.

கடகடகட. பல்லக்கு வாசலைத் தாண்டியது. பிறகு அந்தப் பூனைச் சத்தம். இந்தமுறை பாண்டிக்கு அது பூனையாகக் கேட்கவில்லை. மைக்குக்கு மிக அருகே, பாடுகிறவளின் தோளில், ஒரு கைக்குழந்தை பசித்துச் சிணுங்கியது. ஆர்மோனியம் நின்றது. குரல் மட்டும் போயிற்று, ஓர் அடி. தட்டு முடிந்தது.

"அது நானா?" என்றார் ஷெரின்.

எல்லோர் கண்ணும் சாய்வு நாற்காலிக்குப் போனது. அதனால் ஆனிமேரிதான் சொல்ல வேண்டியிருந்தது. ஊரே அறிந்த குரலா என்று சந்தேகம் வரும்படி அது உடைந்திருந்தது.

"பால்புட்டி படி ஓரத்துல பையில இருந்துச்சு. நீ பாடு, நான் எடுத்தாரேன்னு சைகை காமிச்சுட்டு எந்திரிச்சான். நான் ஒரு அடி பாடி முடிக்கவும் படியில உருண்ட சத்தம், என் கையில நீ. அந்த ஆளு போட்ட குரல் எங்கண்ணன் குரலில்லைன்னு முதச் சொல்லுலயே தெரியும். அவன் என்னைய ஒருநாளும் ஆனின்னு கூப்பிட்டதில்லை. 'ஏ குட்டி'ம்பான்."

"தெரிஞ்சும் சொல்லலையே! உங்களைக் கொலைகாரின்னு நெனச்சிட்டேனே அத்தை."

"பொய்யின்னா, நெசத்தச் சொல்லும்பே. சொன்னா நீ அழுதது தெரிஞ்சு போகும். ஆறு மாசப் பிள்ளை பசிக்கு அழுதுச்சு. அதுல என்ன இருக்குன்னு ஊரு விட்டுரும். நீ உன்னைய விடுவியா? அதான் அந்தத் தட்ட வீட்டுக்குள்ள விடலை. என்னையக் கொலைகாரின்னு நெனச்சா நெனச்சுட்டுப் போ, ஒருத்தி மேல கோவமா இருந்துகிட்டாவது நீ நிம்மதியாத் தூங்குவேன்னு பார்த்தேன்."

ஷெரின் எழுந்தார். நடுவிலிருந்த அந்த வெறுந்தரையைக் கடந்துபோய், நாற்காலியருகே அமர்ந்து, அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார், ஐம்பது வருடத்துக்கு முன் இருந்த அதே இடத்தில். அழுகை வந்தது. அதை அடக்கச் சொல்லி ஆனிமேரி சொல்லவில்லை. தட்டு எந்த இடத்தில் துண்டாகி நின்றதோ, அந்த இடத்திலிருந்து, மிக மெல்ல, மூச்சு வாங்கி வாங்கி, அடுத்த அடியைப் பாடத் தொடங்கினார்.

லலிதாம்பாள் பாண்டியின் கையைத் தொட்டார். துளசிராமும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அவர்களோடு வெளியே வந்தார். கடிகாரம் மூன்று காட்டியது. கோயில் மணி தலை குனிந்து தொங்கியது.